காளான் பண்ணைக்குப் பின்னால் ஒரு பங்கர்

கார்ஜ் லே கொனெஸ், பாரிஸ் புறநகர்
28.09.2025

அன்புள்ள தங்கச்சி பேர்ளிக்கு,

அண்ணன் ஸ்ரீபன் எழுதுவது. வாட்ஸ்அப்பில் என்னை மறித்துவிட்டாய். வைபரிலும் மறித்துவிட்டாய். தபால்காரனை மறிக்க உன்னால் ஏலாது என்றபடியால் இருபது வருடத்துக்குப் பிறகு பேனை பிடிக்கிறேன். எழுத்து விளங்காவிட்டால் பொறுத்துக்கொள். இது மீன் வெட்டுகிற கை.

போனில் நான் கத்தியது உண்மை. நீயும் கத்தினாய். இரண்டு பேரும் மன்னார்க் கடற்கரையில் பிறந்தவர்கள், காற்றுக்கு மேலால் கதைத்துப் பழகிவிட்டோம். அதற்காக அண்ணனை மறிப்பதா?

நான் சொன்னது என்ன? போலந்தில் உக்ரைன் எல்லையோரம் ஒரு காளான் பண்ணையில் நீ கிடந்து காய வேண்டாம், பஸ் ஏறி பாரிசுக்கு வா என்றேன். வீட்டில் உனக்கு ஒரு அறை இருக்கிறது. தர்மிளா அதற்குத் திரைச்சீலையும் தைத்துவிட்டாள். செபஸ்டியனைக் கலியாணம் கட்டலாம் என்று சொன்னதுதான் உனக்குக் கோபம் என்று விளங்குகிறது. அவர் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், நான் மீன் வெட்டுகிற கடையிலேயே மரக்கறிப் பகுதி பார்க்கிறவர். மனைவியை இழந்தவர், வன்னியால் வந்தவர், நல்ல மனிசன். லாச்சப்பலில் எல்லோரைப் பற்றியும் ஒரு குறை சொல்லுவார்கள். அவரைப் பற்றி இன்னும் நான் கேள்விப்படவில்லை. உன்னைக் கேளாமல் அவரிடம் கதைத்தது பிழை என்றால் பிழைதான்.

ஆனால் இது செபஸ்டியன் கதை இல்லை. அங்கே வானத்தில் என்னென்னவோ எல்லை தாண்டிப் பறக்கிறது என்று இங்கே ரெலிவிஷனில் காட்டுகிறார்கள். வரைபடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி போட்டார்கள். அதற்குப் பக்கத்தில்தான் உன்னுடைய பண்ணை. ஒரு யுத்தத்தில் இருந்தது உனக்குப் போதாதா?

பதில் போடு. இல்லாவிட்டால் இதே மாதிரி ஒவ்வொரு ஞாயிறும் எழுதுவேன்.

அண்ணன்
ஸ்ரீபன்

*

07.10.2025

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து விளங்கியது.

நான் வரமாட்டேன். காரணத்தைப் போனில் சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை. தாளில் இருந்தால் இரண்டாம் தரமும் வாசிக்கலாம் என்பதால் எழுதுகிறேன். இங்கே என்னிடம் வதிவிட அட்டை இருக்கிறது. அதில் என்னுடைய படமும், என்னுடைய பெயரும், என்னுடைய வேலையும் இருக்கின்றன. அது இந்தப் பண்ணையோடு ஒட்டியது. விட்டுவிட்டு பாரிசுக்கு வந்தால் மறுபடியும் அகதிக் கேஸ் போட்டு, நடந்ததையெல்லாம் ஒருவருக்குச் சொல்லி, அவர் நம்புகிறாரா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது எனக்கு வேண்டாம்.

வேலை நீங்கள் நினைப்பதுபோல் இல்லை. பெரிய பெரிய இருட்டறைகளில் தட்டுத் தட்டாகப் பசளை போட்டு வெள்ளைக் காளான் வளர்க்கிறார்கள். நாங்கள் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பிடுங்குகிறோம். என்னுடைய மேற்பார்வையாளர் டனூட்டா என்று ஒரு பெண். அறுபது வயது இருக்கும். நாள் முழுக்க ஏசுவார். மத்தியானம் தன்னுடைய சூப்பில் பாதியை எனக்கு ஊற்றுவார்.

சத்தம் கேட்கிறதுதான். எல்லைக்கு அந்தப் பக்கத்து நகரத்தில் குண்டு விழுந்தால் எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிரும். கோடையில் அது கிட்ட வருவதுபோல் இருந்தது. அதனால் தொழிலாளர் விடுதிக்குப் பின்னால், வேலியோரம், பதுங்க ஒரு பங்கர் வெட்டியிருக்கிறேன். முதலாளியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, நாய் விழாமல் மூடிவை என்றார். மேலுக்குப் பழைய வேலிக்கட்டைகள் அடுக்கி, பசளைச் சாக்கில் மண் நிரப்பிப் போட்டிருக்கிறேன். இங்கே எல்லோரும் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். டனூட்டா மட்டும் இறங்கிப் பார்த்து, நல்ல குளிர் என்று சொல்லி, தான் ஊறப்போட்ட வெள்ளரிக்காய்ப் போத்தல்களைக் கொண்டுவந்து உள்ளே அடுக்கிவிட்டார்.

ஆகவே என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். தர்மிளா அண்ணியிடம் திரைச்சீலைக்கு நன்றி சொல்லுங்கள். செபஸ்டியன் என்பவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

பேர்ளி

*

கார்ஜ்
19.10.2025

தங்கச்சி,

உன் கடிதத்தைக் கடையில் வைத்து வாசித்தேன். பங்கர் என்ற இடம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐரோப்பாவுக்கு வந்து பங்கர் வெட்டிய ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய். வெள்ளரிக்காயை விடு, பாணும் பழரசமும் வாங்கி வைத்தால் கடையே போடலாம்.

இதைப் பகிடியாகச் செபஸ்டியனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மேலுக்கு எவ்வளவு மண் போட்டவ, வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? போய்க் கத்தரிக்காயை அடுக்கும் என்றேன்.

பிறகு யோசித்துப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. பங்கர் வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு மனிசி ஏன் இருக்க வேண்டும்? அட்டை அட்டை என்கிறாய். இந்த நாட்டில் நானும் அட்டைக்குக் காத்திருந்தவன்தான். காத்திருந்தவர்கள் யாரும் செத்துப்போகவில்லை. இங்கே ரெயின் பிந்தினால்தான் எங்களுக்கு ஆபத்து.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நீ இங்கே நிற்க வேண்டும். இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்ரீபன்

*

31.10.2025

அண்ணைக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். காயம் இல்லை. அதை முதலில் வாசித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உங்கள் கடிதம் வந்தது. வாசித்து, கோபத்தில் மடித்து ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு, நானும் டனூட்டாவும் காளான் கொட்டிலுக்கு வெளியே நின்று தேத்தண்ணீர் குடித்தோம். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. அதை எழுத்தில் எழுத முடியாது. கேட்டவர்களுக்குத் தெரியும். நான் டனூட்டாவின் ஏப்ரனைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அவர் என்னை ஏசிக்கொண்டே ஓடிவந்தார். பசளை லொறிச் சாரதி நாங்கள் ஓடுவதைக் கண்டு, ஏனென்று தெரியாமலே பின்னால் ஓடிவந்தார். மூன்று பேரும் பங்கருக்குள் விழுந்தோம். அதற்குப் பிறகு விழுந்தது.

பசளை முற்றத்தில்தான் விழுந்தது. லொறி எரிந்துவிட்டது. இரண்டாவது கொட்டிலின் கூரை, டனூட்டா வழக்கமாக இருந்து தேத்தண்ணீர் குடிக்கிற வாங்கின் மேலேயே இறங்கியிருந்தது. ஒருவரும் சாகவில்லை. பங்கருக்குள் வெள்ளரிக்காய்ப் போத்தல் எல்லாம் உடைந்து, வினாகிரியில் நனைந்தபடி மூன்று பேரும் இருந்தோம். சாரதி அழுதார். டனூட்டா போத்தல்களுக்காக ஏசினார். பக்கத்து நாட்டு யுத்தத்தில் வழி தவறி வந்த ஏவுகணை என்கிறார்கள். யாருடையது என்று இன்னும் வாக்குவாதம். எந்தப் பக்கத்தது விழுந்தாலும் குழி ஒரேமாதிரித்தான் இருக்கும்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. டனூட்டா வருகிற எல்லோரிடமும் என்னைப் புகழ்ந்தார். "அவளுக்கு முன்பே தெரியும்" என்று கமராவுக்கு முன்னாலும் சொன்னார். மறுநாள் பொலிஸ் வந்தது.

என்னுடைய அட்டையையும் பாஸ்போட்டையும் போனையும் எடுத்துக்கொண்டார்கள். ஊரை விட்டுப் போகக்கூடாது. தமிழ் தெரிந்த ஒரு பெண்ணைப் போனில் பிடித்து அவள் மூலம் கேட்டார்கள். யார் வெட்டச் சொன்னது? விழப்போகிறது என்று எப்படித் தெரியும்? வாசல் ஏன் எல்லைக்கு முதுகு காட்டிக்கொண்டிருக்கிறது? குழி ஏன் நேராக இல்லாமல் மடிந்து போகிறது? நான் சொன்னேன், எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் வெட்டினோம் என்று. ஊரில் எல்லோருமா என்று கேட்டார் அதிகாரி. சாதாரணச் சனங்களா? ஓம் என்றேன். அவர் நம்பவில்லை. பட்டாளத்தில் பழகியவர்கள்தான் இப்படி வெட்டுவார்களாம்.

பிறகு நாடா வைத்து அளந்தார்கள். மடிப்புக்கு இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் நீளம். ஆள் குந்தியிருக்க இவ்வளவு நீளம் தேவையில்லை, குழாய்போல ஏதாவது கிடத்தி வைத்திருந்தாயா என்றார்கள். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதும் அவர்களுக்குச் சந்தேகமாகிவிட்டது.

அண்ணை, உங்களிடம் நான் ஒன்றும் கேட்பதில்லை. இப்போது கேட்கிறேன். எங்கள் சனங்கள் இப்படி வெட்டுவார்கள் என்று வன்னியில் இருந்த ஆட்கள் சாட்சி சொன்னால், மொழிபெயர்த்து அனுப்பினால் பார்ப்போம் என்று அதிகாரி சொன்னார். இல்லாவிட்டால் அட்டையை ரத்துச் செய்து கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. உங்களுக்குச் சனம் இருக்கிறது. கீழே என்னுடைய பங்கரின் படத்தைக் கீறியிருக்கிறேன்.

டனூட்டாவின் போனுக்கு எடுக்க வேண்டாம். பொலிஸ் பக்கத்தில் நிற்கும்போது உங்களோடு சண்டை பிடிக்க ஏலாது.

பேர்ளி

*

கார்ஜ்
09.11.2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தர்மிளா வாசித்துவிட்டு அழுதாள். நான் கடைக்குப் போய்விட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை. லாச்சப்பலில் சனிக்கிழமை என்றால் உனக்குச் சொல்லத் தேவையில்லை, வந்து பாராவிட்டாலும் கேள்விப்பட்டிருப்பாய். மீன் மேசைக்கு முன்னால் வாசல்வரை சனம். நான் கத்தியை வைத்துவிட்டு, உரத்துக் கேட்டேன்.

"ஆராவது வன்னியில பங்கர் வெட்டின ஆக்கள் நிக்கிறியளோ?"

விளைமீன் கேட்டுக்கொண்டிருந்த மனிசன் கையை இறக்கிவிட்டார். நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு கலாவதி அக்கா, சீலைக்கடையில் சட்டை தைக்கிறவ, முன்னுக்கு வந்து ஏன் என்று கேட்டா. உன்னுடைய கதையைச் சொன்னேன். அவ மீன் சுற்றுகிற தாளில் ஒன்றை இழுத்து எடுத்து, என்னுடைய பேனையை வாங்கி, கீறத் தொடங்கினா.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் கீறுவதை மற்றவர் பார்க்க வேண்டாம் என்று நான் சொன்னேன், பொலிஸ் நம்ப வேண்டுமே. வங்கியில் வேலை செய்கிறவர் கீறினார். ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவுகிற பொடியன் கீறினான், அவனுக்கு அப்போது பத்து வயதாம். எல்லாப் படமும் ஒன்றுதான், பேர்ளி. வாசல் சண்டை நடக்கிற முன்னரங்குக்கு முதுகு. இறங்கினதும் ஒரு மடிப்பு, வாசலில் ஷெல் விழுந்தாலும் துண்டு உள்ளே வராமல் இருக்க. மேலே கட்டை, அதற்கு மேலே மண்மூட்டை. மண்மூட்டைக்குச் சாக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். கலாவதி அக்கா என்னை ஒருமாதிரிப் பார்த்தா.

"சாக்கு எங்கையடா தம்பி இருந்தது? சீலையைத்தான் வெட்டித் தைச்சனாங்கள். என்ர கூறைச்சீலை அங்கதான் மண்ணோட கிடக்குது."

சொல்லிவிட்டு அரைக் கிலோ சூடைமீன் வாங்கிக்கொண்டு போனா. அவ நாளுக்கு எத்தனை சீலைக்கு ஓரம் தைக்கிறா என்று அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது.

2009 இல் நான் இங்கே மழையில் நின்று கத்தியவன். பங்கருக்குள் சனம் சாகுது என்று பதாகை பிடித்தவன். அந்தப் பங்கர் எப்படி இருக்கும் என்று நேற்றுத்தான் பார்த்தேன், மீன் தாளில்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்கு மேல்மாடியில் இருக்கிற மொழிபெயர்ப்பாளர் கஜனியிடம் போனேன். அவ சரியான கண்டிப்பு. மீன் மணக்குது என்று மூக்கைப் பிடித்தா, ஆனால் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, பெயர், ஊர், எந்த வருடம், எங்கே வெட்டியது என்று கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி, முத்திரை குத்தித் தந்தா. எல்லாம் இதற்குள் இருக்கின்றன. தாள்கள் மணந்தால் அதிகாரியிடம் மன்னிப்புக் கேள்.

இனி நான் எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

செபஸ்டியன் கடைசியாகத்தான் வந்தார். தன்னுடையதைக் கீறித் தந்தார். பிறகு உன்னுடைய படத்தைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கன நேரம் பார்த்தார்.

"இது குந்தியிருக்க வெட்டினதில்லை, ஸ்ரீபன். கால் மடக்கேலாத ஆள் ஒண்டு உள்ளுக்க இருந்திருக்குது."

நான் இல்லை, அவள் தனியத்தான் இருக்கிறாள் என்றேன். அவர் படத்தை மடித்துத் தந்தார். போகும்போது, "அந்தப் பிள்ளையிட்ட என்ர கதையை இனி எடுக்காதையுங்கோ" என்றார். அவ்வளவுதான்.

ரெயினில் வீட்டுக்கு வரும்போது அந்த நீளப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கார்ஜில் இறங்காமல் அடுத்த ஸ்ரேசனுக்கும் போய்விட்டேன்.

பேர்ளி, யாருடைய கால்?

அண்ணன்

*

20.11.2025

அண்ணைக்கு,

தாள்கள் வந்தன. மணந்தன. பொலிஸ் நிலையத்தில் மேசை முழுக்க அவற்றை விரித்து வைத்தார்கள். அதிகாரி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. இவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்களா என்று கேட்டார். ஒரே கடையில் மீன் வாங்குகிறவர்கள் என்றேன்.

பிறகு நீளப் பக்கத்தைக் கேட்டார். உங்களுடைய கேள்வியும் அதுதான். இரண்டு பேருக்கும் ஒரே பதில். அவரிடம் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

அம்மாவின் இடது கால். 2008 கடைசியில், மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் தருமபுரத்தில் இருந்தபோது, முழங்காலில் துண்டு பட்டது. காயம் ஆறியது, கால் பிறகு மடங்கவில்லை. நீட்டியபடியே நின்றுவிட்டது. நீங்கள் போன் எடுத்தபோது அம்மா கீறல் என்றுதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். போனை வைத்துவிட்டு, "அவன் அங்கை தனிய நிண்டு யோசிப்பான், சொல்லாதை" என்றார். நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு போன இடமெல்லாம் பங்கரின் ஒரு பக்கத்தை நீளமாகத்தான் வெட்டினேன். அம்மா உள்ளே போய், சுவரில் முதுகை வைத்து, அந்தக் காலை நீட்டிக்கொண்டு இருப்பார். செபமாலையும் சொல்லுவார், பேன் கொல்லவும் என் தலையைப் பிடிப்பார். இடம் மாறி மாறி வெட்டியதில் கை அப்படியே பழகிவிட்டது. இங்கே வெட்டும்போது நான் யோசித்து நீளமாக வெட்டவில்லை, அண்ணை. பொலிஸ்காரர் நாடாவைப் பிடித்து அளந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அதனால்தான் அன்றைக்கு வாய் திறக்க முடியவில்லை.

கடைசி இடம் முள்ளிவாய்க்கால். அது கடற்கரை மணல். நீளமாக வெட்டினால் கட்டை அடுக்க முதல் சரிந்துவிடும். அங்கே எல்லோரும் குட்டையாகத்தான் வெட்டினார்கள். அம்மா வாசலில் இருந்தார், காலை வெளியே நீட்டிக்கொண்டு. நான் உள்ளே இருந்தேன். ஷெல்லில் செத்தா என்று உங்களுக்குச் சொன்னது பொய் இல்லை. இதுதான் அதன் மிச்சம்.

இதில் யாருடைய பிழையும் இல்லை. நான் பல வருடம் யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். மணலின் குணம் அது. இங்கே களிமண். எவ்வளவு வெட்டினாலும் சுவர் அப்படியே நிற்கிறது. வெட்டும்போது எனக்கு அது நிறையப் பிடித்திருந்தது. மாலையில் வேலை முடிந்து வந்தும் வெட்டினேன்.

மொழிபெயர்க்கிற பெண் இடையில் ஒருதரம் நிறுத்தி, கொஞ்சம் பொறுங்கள் அக்கா என்றாள். பிறகு அதிகாரிக்குச் சொன்னாள். அவர் எழுதவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கே அட்டையையும் பாஸ்போட்டையும் போனையும் திருப்பித் தந்தார்கள். மீன் தாள்களைப் பிரதி எடுத்துக்கொண்டு அவற்றையும் தந்தார். இதோடு வைத்திருக்கிறேன், கலாவதி அக்காவிடம் கொடுத்துவிடுங்கள், அவவுக்குத் தேவைப்படலாம்.

ஊர்த் தலைவர் வந்து பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒன்று வெட்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன். என்னுடையதை மூடச் சொல்லி முதலாளிக்குக் காப்புறுதிக் கம்பனிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். நத்தாருக்கு முதல், பனியில் நிலம் இறுக முதல், மூட உழவு இயந்திரம் வரும். டனூட்டா மூட விடமாட்டேன் என்று நிற்கிறார். புதிதாக வெள்ளரிக்காய் ஊறப்போட்டு ஏற்கெனவே உள்ளே வைத்துவிட்டார்.

பாரிசுக்கு வருகிறேன் என்று இப்போதும் எழுத மாட்டேன். இங்கே எனக்கு வேலை இருக்கிறது. ஆனால் உங்களை மறித்திருந்ததை எடுத்துவிட்டேன்.

கண்டதும் கால் என்று கண்டுபிடித்த செபஸ்டியன் என்பவர், தான் யாருக்காக நீளமாக வெட்டினார் என்று கேட்டீர்களா? கேளுங்கள்.

பேர்ளி

*

கார்ஜ்
30.11.2025

பேர்ளி,

நீ மறிப்பை எடுத்த பிறகும் நான் போன் எடுக்கவில்லை. கவனித்திருப்பாய். போனில் நீ இதைச் சொல்லியிருக்க மாட்டாய். நானும் கேட்டிருக்க மாட்டேன், கத்தியிருப்பேன். கொஞ்ச நாளைக்குத் தாளே இருக்கட்டும்.

செபஸ்டியனிடம் கேட்டேன். தகப்பனுக்காம். தகப்பன் யுத்தத்துக்குத் தப்பி வந்து, பிறகு அகதி முகாமில் காய்ச்சலில் போனாராம். ஐந்து வருடமாக ஒரே கடையில் வேலை செய்கிறோம். தக்காளி விலையைத் தவிர நாங்கள் ஒன்றும் கதைத்ததில்லை.

இன்றைக்கு நவம்பர் முடிகிறது. மரித்தவர்களின் மாதம் என்று ஒவ்வொரு வருடமும் நவம்பரில் அம்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பேன். இந்த முறை பூசை முழுக்க எனக்கு அந்தக் கால்தான். கீறல், மோனே, ஒண்டுமில்லை என்று அம்மா சொன்ன குரல் அப்படியே காதில் இருக்கிறது. அதை நான் எவ்வளவு லேசாக நம்பினேன். எனக்கு அது வசதியாக இருந்தது. அழுதேன், தங்கச்சி. கோவிலில் எல்லோருக்கும் முன்னாலேயே அழுதேன்.

இந்தக் கடிதத்தில் வா என்று நான் எழுதவில்லை. நான் வருகிறேன். முதலாளி நத்தார் நேரத்தில் மீன்காரனுக்கு லீவா என்று துள்ளினார். செபஸ்டியன் கத்தியைப் பிடிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். அவர் விளைமீனை எப்படி வெட்டப்போகிறாரோ, கடவுளுக்குத்தான் தெரியும். இருபதாம் திகதி சனிக்கிழமை வந்து சேருகிற பஸ்ஸுக்கு இடம் எடுத்துவிட்டேன். தர்மிளா ஒரு பெட்டி முழுக்க மிளகாய்த்தூளும் பலகாரமும் கட்டுகிறாள். அதோடு அந்தத் திரைச்சீலையையும் வைக்கிறாள். உன் அறை ஜன்னல் என்ன அளவோ தெரியாது, கண் அளவில் வெட்டித் தைக்கிறாள்.

உன்னுடைய முதலாளியிடம் சொல்லு, நான் வரும்வரைக்கும் உழவு இயந்திரத்தை நிற்பாட்டி வைக்கட்டும். அந்த நீளப் பக்கத்தில் ஒருதரம் காலை நீட்டி இருந்து பார்க்க வேண்டும்.

அண்ணன்
ஸ்ரீபன்

*

08.12.2025

அண்ணைக்கு,

பஸ் விடியப்புறம், கொஞ்சம் பிந்தித்தான் வரும். தரிப்பிடத்தில் தேத்தண்ணீர்க் கடை மூடியிருந்தால் மருந்துக்கடை வாசலில் நில்லுங்கள், காற்று அடிக்காது. டனூட்டா தன்னுடைய காரில் என்னைக் கூட்டிக்கொண்டு வருவார். உங்களைக் கண்டதும் ஏசுவார். அது மரியாதைதான், பதிலுக்கு ஏசாதீர்கள்.

மொத்தமான சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். மீன் கடைப் பூட்ஸ் இருந்தால் அதையே போடுங்கள், முற்றம் இன்னும் சேறு. மிளகாய்த்தூள் போதும், பலகாரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். திரைச்சீலையைக் கட்டாயம் கொண்டுவாருங்கள், என்னுடைய ஜன்னல் புதுக் கண்ணாடியோடு வெறுமையாகக் கிடக்கிறது.

முதலாளியிடம் சொன்னேன். இயந்திரம் திங்கட்கிழமைதான் வரும். உங்கள் அண்ணன் எதற்குக் குழியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். வீட்டு ஆள், பார்க்கத்தானே வேண்டும் என்றேன். போத்தல்களை நானும் டனூட்டாவும் ஒதுக்கி, நீளப் பக்கத்தில் ஒரு சாக்கு விரித்துவிட்டோம்.

நான்கு படி இருக்கிறது. இறங்கும்போது தலையைக் குனியுங்கள். நீங்கள் உயரம். கூரை அம்மாவின் அளவுக்குத்தான் இருக்கிறது.

பேர்ளி